விடத் தெரிந்த கை: சிராங்கூன் சாலையில் ஒரு புரட்டாசி

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாளைச் சேவிக்காமல் பகலுணவு கொள்வதில்லை என்பது எங்கள் இல்லத்தில் மூன்று தலைமுறையாக நிலவும் நியமம். மயிலாடுதுறையில் இருக்கும்வரை திருஇந்தளூர் பரிமள ரங்கநாதர் சந்நிதி. வங்கிப் பணியில் மாறுதலாகிச் சென்ற ஊர்களிலெல்லாம், வீடு பார்ப்பதற்கு முன்பே பெருமாள் கோயில் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்வாள் என் மனையாள். பணி ஓய்வு பெற்ற பின்னரும் நியமம் தவறவில்லை. தவறிவிடுமோ என்ற அச்சத்தைத் தந்தவை என் முழங்கால்கள்தாம். இரு மூட்டுகளும் தேய்ந்து, இருநூறு அடி நடந்தால் உட்கார இடம் தேடும் நிலை வந்துவிட்டது.

இந்த நிலையில்தான் மகளுடன் சில மாதங்கள் தங்குவதற்காகச் சிங்கப்பூர் சென்றோம். அவள் வீடு பூன் கெங் ரயில் நிலையத்துக்கு அருகில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஓர் அடுக்ககத்தில் உள்ளது. அதே சாலையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். "இவ்வளவு அருகில் பெருமாள் இருந்தும் என்னால் நடந்து போக முடியவில்லையே" என்று முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் சம்பந்தியம்மாள் மறுமொழி கூறாமல் எழுந்து போய், பின்கட்டு அறையிலிருந்து ஒரு சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மறைந்த என் சம்பந்தி கடைசி மூன்று ஆண்டுகள் பயன்படுத்திய மின்சார வண்டியின் சாவி அது. மொபிலிட்டி ஸ்கூட்டர் என்கிறார்கள். நான்கு சிறு சக்கரங்கள், கைதாங்கிகளோடு ஓர் இருக்கை, முன்னே ஒரு கைப்பிடித்தண்டு, ஒரு கூடை. அவ்வளவே. "அவர் சனிக்கிழமை தவறாமல் இதில்தான் பெருமாளைச் சேவிக்கப் போவார், அண்ணா. ஓராண்டாகச் சும்மா நிற்கிறது. நீங்கள் போனால் அவர் போனது போல" என்றார். அந்தச் சொல்லுக்குப் பின் மறுக்க வழியில்லை.

ஆமையும் முயலும்

நாற்பது ஆண்டுகள் ஸ்கூட்டர் ஓட்டியவனுக்கு இந்தச் சிறு வண்டி எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்புத் தவறு என்பதை உணர ஒரு நாள் போதுமானதாக இருந்தது. நம் ஊர் ஸ்கூட்டரில் பயின்ற கை இந்த வண்டிக்கு உதவாது. சில வேளைகளில் அதுவே பகையாகவும் ஆகும்.

எங்கள் வண்டியின் கைப்பிடித்தண்டில் இரு பக்கமும் ஒவ்வொரு நெம்பு இருந்தது. வலக்கை விரல்களால் ஒன்றை இழுத்தால் வண்டி முன்னே செல்லும். இடக்கையால் மற்றொன்றை இழுத்தால் பின்னே செல்லும். விரல்களைத் தளர்த்தினால் வண்டி தானே நிற்கும். தனியாகக் காலால் மிதிக்கும் பிரேக் கிடையாது. நடுவில் வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் ஒரு திருகு. அதன் ஒரு முனையில் ஆமைப் படமும் மறுமுனையில் முயல் படமும் பொறித்திருந்தார்கள். "அவர் எப்போதும் ஆமைப் பக்கம்தான் வைத்திருப்பார். பெருமாள் கூர்மமாக வந்தாரே தவிர முயலாக வரவில்லையே என்று சிரிப்பார்" என்று சம்பந்தியம்மாள் சொன்னபோது நாங்களும் சிரித்தோம்.

மகள் முதலில் விதிகளை விசாரித்தாள். அந்நாட்டில் இத்தகைய வண்டிகளுக்கு நடைபாதை வேக வரம்பு முன்பு மணிக்கு 10 கிலோமீட்டர் என்றிருந்தது. அதை 6 கிலோமீட்டராகக் குறைக்கவும், நடக்க இயலாதவர் என்பதற்கு மருத்துவச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று விதிக்கவும் 2025-இல் நாடாளுமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. விரைந்து நடப்பவரின் வேகம் அந்த ஆறு கிலோமீட்டர். நடக்க முடியாதவருக்கு நடையைத் திருப்பித் தருவதே வண்டியின் நோக்கம். அதற்கு மேற்பட்ட வேகம் நமக்கு எதற்கு? என்னை மருத்துவரிடம் காட்டிச் சான்று பெற்ற பின்னரே வண்டியைக் கீழே இறக்க மகள் ஒப்புக்கொண்டாள்.

அடுக்ககத்தின் திறந்த கீழ்த்தளத்தில் ஐந்து நாள் பயிற்சி. காலியான தண்ணீர்ப் புட்டிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் இடையே வளைந்து வளைந்து ஓட்டச் சொன்னார் சம்பந்தியம்மாள். எழுபத்திரண்டு வயதில் அவர் ஆசிரியை, அறுபத்தேழு வயதில் நான் மாணவன். அவர் கற்பித்தவற்றை, என்போல் இத்தகைய வண்டியை நாட வேண்டிய நிலையில் உள்ள வாசக அன்பர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஏறும்போதும் இறங்கும்போதும் சாவி அணைந்திருக்க வேண்டும். எழும்போது பிடிமானத்துக்காக நம் கை கைப்பிடித்தண்டைத்தான் நாடும். சாவி அணையாதிருந்தால், விரல் நெம்பில் பட்ட கணமே வண்டி நகர்ந்து நம்மைக் கீழே தள்ளிவிடும். இருக்கை பக்கவாட்டில் சுழலும் வகையாயின், அது நேராக வந்து பூட்டிக்கொண்டதா என்று அசைத்துப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும். அர்ச்சனைப் பையையோ பூக்கூடையையோ கைப்பிடித்தண்டில் மாட்டக் கூடாது. பையின் காது நெம்பில் சிக்கலாம். கனம் ஒரு பக்கம் இழுக்கும். வைக்க வேண்டியதை முன்கூடையில் வைக்க வேண்டும்.

திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டே திரும்ப வேண்டும். இருக்கை உயரமாகவும் சக்கரங்கள் சிறியனவாகவும் இருப்பதால், விரைந்து திரும்பினால் வண்டி சாயும். மூன்று சக்கர வகைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சரிவுப் பாதையில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். சரிவின் குறுக்கே திரும்புவது கூடவே கூடாது. ஏறும்போது உடலைச் சற்று முன்னே சாய்த்துக்கொள்வது நலம். வண்டியின் பின்புறத்தில், மோட்டாரிலிருந்து சக்கரங்களை விடுவிக்கும் ஒரு சிறு நெம்பு உண்டு. வண்டியைக் கையால் தள்ளுவதற்காக வைத்தது அது. அதை விடுவித்திருக்கும்போது பிரேக் வேலை செய்யாது என்பதால், சரிவில் அதைத் தொடவே கூடாது.

நம்மவர்க்கென்று ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு. வேட்டியின் முனை, மேல்துண்டு, புடவைத் தலைப்பு ஆகியவை சக்கரத்தை நாடிச் செல்பவை. வேட்டியை ஒழுங்குபடுத்தித் தொடைக்குக் கீழே அடக்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே நான் புறப்படுவேன். குதிகாலைப் பற்றும் வார் உள்ள செருப்பு நல்லது. நழுவும் செருப்பைக் குனிந்து எடுக்கும் வேளையில்தான் விபத்து வந்து சேரும்.

இவ்வளவையும் நினைவில் வைக்க எங்களுக்கு வங்கி வழக்கம் ஒன்று கைகொடுத்தது. பெட்டக அறையை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு அதிகாரிகளிடம் இரண்டு சாவிகள் இருக்கும். அவ்வண்ணமே இங்கும் வைத்துக்கொண்டோம். வண்டியின் சாவி என்னிடம். "சாவியை அணைத்தீர்களா? வேட்டியை அடக்கினீர்களா?" என்ற இரு கேள்விகள் என் மனையாளிடம். அவள் கேட்டு, நான் விடை சொன்ன பின்னரே வண்டி நகரும்.

பெருமாள் சந்நிதியில்

முதற் சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். சம்பந்தியம்மாளும் என் மனையாளும் பக்கத்தில் நடந்து வந்தார்கள். நடைபாதை அகலமாகவும் சீராகவும் இருந்தது. சாலையைக் கடக்குமிடங்களில் நடைபாதை விளிம்பு சரிவாக இறக்கப்பட்டிருந்தது. அந்நாட்டு முதியவர்கள் தம்மிடமுள்ள அட்டையைச் சிக்னல் கம்பத்தில் தொட்டுக் காட்டினால், பச்சை விளக்கு மேலும் சில நொடிகள் நீடிக்குமாறு பல இடங்களில் ஏற்பாடு உண்டு. விருந்தினனாகிய என்னிடம் அந்த அட்டை இல்லை. ஆகவே பாதிப் பச்சையில் ஒருபோதும் இறங்காமல், அடுத்த பச்சை புதிதாக வரும்வரை காத்திருந்து கடப்பேன்.

வழியில் ஸ்ரீ வடபத்திர காளியம்மன் கோயில். அன்னையை வாசலிலிருந்தே வணங்கிவிட்டு மேலே சென்றால், சற்று நேரத்தில் பெருமாள் கோயிலின் இராஜகோபுரம் கண்ணில் படுகிறது. அந்த வெளிநாட்டுச் சாலையில், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அதைக் கண்டதும், ஊர் எல்லையில் கோபுரத்தைக் கண்ட பழைய உணர்வே பொங்கியது.

இக்கோயிலின் தொடக்கம் 1855-ஆம் ஆண்டு. முன்னர் நரசிம்மப் பெருமாள் கோயில் என்றே இதற்குப் பெயர். இன்று மூலவர் ஸ்ரீநிவாசப் பெருமாள். மகாலட்சுமித் தாயாருக்கும் ஆண்டாளுக்கும் சந்நிதிகள் உண்டு. 1978-இல் அந்நாட்டு அரசு இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. தைப்பூச நாளில் பால்குடமும் காவடியும் எடுப்போர் இங்கிருந்துதான் புறப்பட்டு, டேங்க் சாலையிலுள்ள ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலை அடைகின்றனர். முருகன் அடியார்களை மாமன் வீட்டிலிருந்து வழியனுப்பி வைக்கும் அந்த அழகை எண்ணி மகிழ்ந்தேன்.

கோயில் ஊழியர் காட்டிய இடத்தில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டேன். நீர் சிந்திய கல்தரையில் சக்கரம் வழுக்கும். கூட்டத்தில் பிறர் காலில் ஏறும். ஆகவே உள்ளே கைத்தடியும் மனையாளின் தோளும்தான் துணை. முப்பது, நாற்பது அடிகள் நடந்து, பெருமாள் முன் நின்றேன். என் கண்ணீரைக் கண்டு அர்ச்சகர் ஒரு துளசிக் கொத்தைக் கூடுதலாகத் தந்தார்.

மூன்றாம் சனிக்கிழமை

இரண்டு வாரங்கள் எல்லாம் நன்றாக நடந்தன. அதுவே வினையாயிற்று. மூன்றாம் சனிக்கிழமை கூட்டம் மிகுதி. சேவித்துவிட்டு வெளியே வர நேரமாகிவிட்டது. பசி. வானமும் கறுத்திருந்தது. மழைக்கு முன் வீடு சேர வேண்டும் என்ற அவசரத்தில், வேகத் திருகை முயல் பக்கம் நகர்த்தினேன். பெண்கள் இருவரும் பத்தடி பின்னே வந்துகொண்டிருந்தார்கள். வழக்கமான இரு கேள்விகளையும் அன்று நான் கேட்க விடவில்லை.

சிறிய சரிவு ஒன்றில் இறங்கும்போது, நான்கு வயதிருக்கும் ஒரு குழந்தை, கையிலிருந்து உருண்டோடிய லட்டைத் துரத்திக்கொண்டு குறுக்கே வந்துவிட்டது. நான் பதறினேன். பதற்றத்தில் மனிதனின் கை என்ன செய்யும்? கையில் இருப்பதை இறுகப் பற்றும். நாற்பது ஆண்டுகள் பிரேக்கை இறுக்கிப் பழகிய கை வேறு. இரு கைகளாலும் கைப்பிடித்தண்டை இறுக்கினேன். வலப்பக்க நெம்பு முழுவதும் இழுபட்டது. வண்டி நிற்பதற்கு மாறாக முன்னே பாய்ந்தது. அது பாயப் பாய என் பிடி மேலும் இறுகியது.

"அண்ணா, கையை விடுங்கள்!" என்ற குரல் பின்னாலிருந்து கேட்டது.

விட்டேன். வண்டி நின்றது. குழந்தைக்கும் முன் சக்கரத்துக்கும் இடையே ஒரு சாண் தூரம் இருந்திருக்கும்.

குழந்தையின் தாய் ஓடிவந்து அதை அள்ளிக்கொண்டாள். நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, ஐயா. மெதுவாகப் போங்கள்" என்றாள் அந்தப் புண்ணியவதி. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பெருந்தன்மைதான் வீடு வரை என்னைச் சுட்டது. மழையும் பிடித்துக்கொண்டது.

அன்றிரவு சாவியைச் சம்பந்தியம்மாளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "என் நியமத்துக்காக ஒரு குழந்தை அடிபட்டிருந்தால், எந்தப் பெருமாள் முகத்தில் விழிப்பேன்? இனி எனக்கு வேண்டாம்" என்றேன். அவர் சாவியை வாங்கி மேசைமேல் வைத்தார். சற்று நேரம் கழித்து, தம் கணவரும் முதல் ஆண்டில் இவ்வாறே பதறித் தூண் ஒன்றில் மோதியதைச் சொன்னார். பிறகு அவர் தினமும் காலையில் கீழ்த்தளத்தில் வண்டியை ஆமை வேகத்தில் நகர்த்தி, மனைவி கைதட்டியதும் விரல்களை விரித்துவிடுவாராம். நாளொன்றுக்குப் பத்து முறை. கடைசி வரை அதை அவர் நிறுத்தவில்லை.

"பிடிக்கப் பழக வேண்டியதில்லை, அண்ணா. பயம் வந்தால் கை தானாகப் பிடித்துக்கொள்ளும். விடத்தான் பழக வேண்டும்" என்றார்.

அன்று வெகுநேரம் எனக்கு உறக்கம் வரவில்லை. கௌரவர் சபையில் திரௌபதி, ஒரு கையால் ஆடையைப் பற்றிக்கொண்டு அழைத்தவரை அல்லாமல், இரு கைகளையும் விட்டுத் தலைமேல் கூப்பிய போதுதான் காக்கப்பட்டாள் என்று உபந்யாசங்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! சரணாகதி என்பதற்கு அதை உதாரணமாகச் சொல்லிக் கேட்டுத் தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். என் விரல்கள் அதைக் கேட்டதேயில்லை. அறுபத்தேழு வயதில், ஒரு சிறு வண்டியின் நெம்பு எனக்கு அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்காக, எல்லாவற்றையும் பெருமாளிடம் விட்டுவிட்டு முயல் வேகத்தில் செல்லலாம் என்று பொருள் கொள்ளலாகாது. அந்தச் சபையில் திரௌபதிக்குச் செய்வதற்கு வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை. எனக்கோ வேகத்தைக் குறைப்பது, கேள்விகளுக்கு விடை சொல்வது, விடப் பழகுவது என்று செய்ய வேண்டியவை இருந்தன. அவற்றைச் செய்யாமல் விட்டது என் பிழை.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் கீழ்த்தளத்தில் நின்றேன். சம்பந்தியம்மாள் கைதட்ட, நான் விரல்களை விரித்தேன். முதல் நாள் பத்து முறையில் நான்கு முறை என் கை முதலில் இறுகி, அதன் பின்னரே தளர்ந்தது. ஆறாம் நாள் பத்து முறையும் ஓசை கேட்டவுடன் விரல்கள் விரிந்தன. சனிக்கிழமை காலையில் என் மனையாளே சாவியை எடுத்துவந்து தந்தாள்.

தேக்காவும் பகோடா தெருவும்

நான்காம் சனிக்கிழமை ஆமை வேகத்திலேயே சென்று சேவித்துத் திரும்பினோம். அதன் பின்னர் துணிவு வந்து, தேக்கா வரையும் சென்றோம். அங்குள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலைத் தரிசிக்கச் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய கடைவீடுகளின் முன்புறத்தில் ஓடும் ஐந்தடிப் பாதையை, அஞ்சடி என்று அங்குள்ள தமிழர் சொல்கின்றனர். வெயிலுக்கும் மழைக்கும் அது இனியது. ஆனால் கடைக்குக் கடை தரைமட்டம் மாறும். நடுவே படி வரும். ஒரு கடையைத் தாண்டி அடுத்ததற்குள் இறங்கும் படியை, காய்கறிப் பெட்டி மறைத்திருக்கும். வண்டியில் செல்வோருக்கு வெளிநடைபாதையே உகந்தது.

மற்றொரு நாள் வடகிழக்குத் தடத்தில் ரயிலேறி, பூன் கெங்கிலிருந்து சைனாடவுன் நிலையத்தில் இறங்கினோம். இத்தடத்தில் ரயில் மாற வேண்டியதில்லை. நிலையத்தில் மின்தூக்கியில்தான் ஏறி இறங்க வேண்டும். நகரும் படிக்கட்டை வண்டியோடு நெருங்கவே கூடாது. ரயில் வாசலில் உள்ள இடைவெளியைச் சாய்வாகக் கடந்தால் சிறு சக்கரம் அதில் அகப்படும்; நேராக எதிர்கொண்டு கடக்க வேண்டும். உள்ளே சக்கர நாற்காலிக்கென ஒதுக்கிய இடத்தில் நிறுத்திச் சாவியை அணைத்துவிட வேண்டும்.

வெளியே வந்தால் பகோடா தெரு. அதன் முனையில், 1827-இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் நிற்கிறது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் அதுவே. கோபுரத்தைப் பகோடா என்று கருதிய அக்கால வெள்ளையர் தெருவுக்கு இட்ட பெயர் இன்றும் நிலைத்துவிட்டது. பெயர் எதுவாயினும் அன்னை அவளே.

வீடு திரும்பியதும் வண்டிக்கு மின்னேற்றம் செய்ய வேண்டும். நாம் விழித்திருக்கும் நேரத்தில், வண்டியோடு வந்த சார்ஜரைக் கொண்டே செய்வது நல்லது. வெளியேறும் வாசலை மறித்து வண்டியை வைக்கலாகாது. முழு மின்னேற்றத்தில் இவ்வளவு தூரம் செல்லும் என்று கையேடு சொல்வதை, மேடும் உடல் எடையும் பேட்டரியின் வயதும் குறைக்கும். நான் பாதித் தூரத்தைக் கணக்கில் வைத்தே புறப்படுவேன். கையிருப்பு முழுவதையும் செலவழிக்கத் திட்டமிடும் வாடிக்கையாளருக்கு எந்த மேலாளர் கடன் தருவார்?

ஊர் திரும்பும் நாளில் சாவியைச் சம்பந்தியம்மாளிடம் ஒப்படைத்தேன். "அடுத்த புரட்டாசிக்கு வாருங்கள், அண்ணா. மின்னேற்றிப் பழுதில்லாமல் வைத்திருக்கிறேன்" என்றார். மயிலாடுதுறையின் தெருக்களில் நடைபாதையுமில்லை, அந்த வண்டியுமில்லை. இங்கே ஆட்டோவும் கைத்தடியும்தான். ஆனாலும், திருஇந்தளூர்ச் சந்நிதியில் படியேறும்போது, கைப்பிடிக் கம்பியை நான் தேவைக்கு மேல் இறுக்கிப் பற்றுவதைக் கண்டால், என் மனையாள் மெல்லக் கைதட்டுகிறாள். விரல்கள் தளர்கின்றன. மீதிப் படிகளை நிதானமாக ஏறிப் பரிமள ரங்கநாதரைச் சேவிக்கிறோம்.